வராத குருவியும் வழுக்குப்பாறைத் தவளையும்

“தவள எண்ணுறதுக்கா நாலு வருசம் யுனிவர்சிட்டி? எங்க காலத்துல அதுக்கு ஆளே வெக்கல. அதுபாட்டுக்கு கத்திக்கிட்டுத்தான இருந்துச்சு?”

இதைச் சொன்னவர் எங்கள் தோட்டத்து முனீஸ்வரர் கோயில் தலைவர். ஓய்வுபெற்ற மண்டோர், அதாவது மேஸ்திரி. நாற்பது பேரை வரிசையில் நிறுத்தி வேலை வாங்கிய குரல் அவரிடம் அப்படியே இருக்கிறது. நிற்க வைக்கத்தான் ஆள் இல்லை. அதனால் இப்போது கோயிலை வேலை வாங்குகிறார். எனக்கு மாமா முறை ஆவதால் அவர் பேச்சுக்குப் பதில் சொல்லாமல் சிரிக்க வேண்டும் என்பது வீட்டில் பெண்பிள்ளையான எனக்குச் சொல்லிக் கொடுத்த பாடம். நான் பள்ளியில் படித்த பாடங்கள் அளவுக்கு அது மனத்தில் தங்கவில்லை.

எங்கள் குடும்பத்தில் எனக்கு முன் யாரும் இடைநிலைப் பள்ளியை முடித்ததில்லை. அப்பா எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலை வெட்டுகிறவர். அம்மா உரம் போடுகிறவர். அப்பாவின் அக்கா, அதாவது என் அத்தை, பள்ளிக்கூட வாசலைப் பல வருடம் கூட்டியிருக்கிறார். உள்ளே உட்கார்ந்ததில்லை. நான் உயிரியலில் பட்டம் வாங்கி வந்தேன். இதை அடக்கமாகச் சொல்லும் பழக்கம் எனக்கு வரவில்லை. முயற்சி செய்யவும் இல்லை.

பட்டத்துக்குப் பிறகு கிடைத்த வேலை, ஒரு பல்கலைக்கழக ஆய்வுக்கு ஓராண்டு ஒப்பந்த உதவியாளர். வேலை நடக்கும் இடம் எங்கள் தோட்டமேதான். ரெம்பாவ் ஊர்ப் பக்கத்து மலையடிவாரத்தில், கடைசிச் செம்பனை நிரை முடிந்து காடு தொடங்கும் இடத்தில், வழுக்குப்பாறை என்று நாங்கள் சொல்லும் சரிவில் ஓர் ஓடை இறங்குகிறது. அந்த ஓடையில் ஒருவகை மலைத்தவளை இருக்கிறது. கட்டைவிரல் நீளம், ஈரப் பாறையின் நிறம். பார்க்கிறவர் கண்ணுக்குப் பாறைதான் தெரியும். பாறை திடீரென்று குதித்தால் அது தவளை. அழியும் உயிர்களின் பட்டியலில் இருக்கிறது என்பதைத் தவிர அதற்கு வேறு பெருமை கிடையாது. அதற்கென்று ஒரு தமிழ்ப் பெயர்கூட எனக்குத் தெரிந்து இல்லை.

அதன் தலைப்பிரட்டைகள்தான் விசேஷம். வயிற்றில் உறிஞ்சிபோல் ஓர் அமைப்பு. ஆளைத் தள்ளிவிடும் வேகத்தில் தண்ணீர் பாயும்போதும் கல்லில் ஒட்டிக்கொண்டு பாசியைச் சுரண்டித் தின்னும். ஓடுகிற சுத்தமான தண்ணீரில்தான் பிழைக்கும். தண்ணீரைத் தேக்கினால், சேறு படிந்தால், முடிந்தது கதை. என் வேலை ஒவ்வொரு கல்லிலும் எத்தனை ஒட்டியிருக்கிறது என்று எண்ணுவது.

தலைவர் மாமாவின் திட்டம் அந்தத் தண்ணீரைத் தேக்குவது.

அதற்குக் காரணம் ஒரு குருவி. தோட்டத்தில் பழைய துரை பங்களா ஒன்று உண்டு. பட்டணத்துத் தம்பதியர் அதை எடுத்து விருந்தினர் விடுதியாக்கினார்கள். செம்பருத்தி வேலியில் தேன்சிட்டு வந்து உட்காருவதைத் தங்கியிருந்த யாரோ படம் பிடித்து, “ஹம்மிங்பேர்ட் பார்த்தோம்” என்று இணையத்தில் போட்டுவிட்டார்கள். அடுத்த மாதமே விடுதி வாசலில் ஹம்மிங்பேர்ட் படம் போட்ட பலகை வந்தது. சனி, ஞாயிறுகளில் கார்கள் வந்தன. எங்கள் லயத்து வீடுகளுக்குப் பின்னால் நான் பிறந்ததிலிருந்து பறக்கிற மஞ்சள் வயிற்றுத் தேன்சிட்டைப் பார்க்க, சிரம்பான் நகரத்திலிருந்து ஆள் வந்தது.

தலைவர் மாமா கணக்காகப் பார்த்தார். பங்களாவுக்கு வருகிற கார், கீழே கோயிலில் சிலையாகவும் மேலே ஓடைக்கரையில் சூலமாகவும் இருக்கிற முனிக்கு ஏன் வரக்கூடாது? இரண்டு வாரத்தில் தோட்டத்து நுழைவாயிலில் ஒரு பேனர் ஏறியது. ஹம்மிங்பேர்ட் முனீஸ்வரர் ஆலயம், அனைவரும் வருக. முனி அரிவாளோடு நிற்கிறார். அவர் மீசை நுனியில் தேன் குடிப்பதுபோல் தென்னமெரிக்கக் குருவி ஒன்று, பச்சையும் ஊதாவுமாக மின்னுகிறது. முனியின் முகத்தில் கொஞ்சம் கூச்சம் தெரிந்ததாக எனக்குப் பட்டது.

“மாமா, ஹம்மிங்பேர்ட் இந்த நாட்டுலயே இல்ல. அது அமெரிக்கா கண்டத்துல மட்டும்தான் இருக்கு. இது தேன்சிட்டு.”

“இருக்கட்டும்லா. அங்கேருந்து வந்துச்சுன்னு நெனச்சிக்க.”

“வர முடியாது மாமா. நடுவுல கடல் இருக்கு.”

“நம்ம பாட்டன் பூட்டன் எல்லாம் எப்படி வந்தாங்க? கடல் இல்லாமலா?”

நான் தவளை எண்ணக் கிளம்பினேன்.

திட்டம் இதுதான். வழுக்குப்பாறையில் சிமெண்டுத் தடுப்பு கட்டி, ஓடையைக் குளமாக்கி, சுற்றிலும் பிளாஸ்டிக் செம்பருத்தியும் சர்க்கரைத் தண்ணீர் போத்தலும் தொங்கவிடுவது. குருவி வரும், கார் வரும், தொகுதி உறுப்பினர் ஒய்.பி. வந்து ரிப்பன் வெட்டுவார். ஒரே ஒரு தடை. ஓடை தோட்டக் கம்பெனியின் நிலத்தில் இருக்கிறது. மலாயில் முறையாக எழுதிய சுராட், அதாவது கடிதம், இல்லாமல் ஒரு மூட்டை சிமெண்டும் மேலே ஏறாது. கோயில் செயலாளராக இருந்த, ஆபீசில் எழுத்து வேலை பார்த்த பழைய கிராணி, சுங்கை காடுட் ஊரில் தொழிற்சாலை வேலை கிடைத்துக் குடும்பத்தோடு போய்விட்டார். தோட்டத்தில் கடிதம் என்றால் அடுத்தது நான்தான். பள்ளியில் படிவம் நான்கு வகுப்பு படித்த காலத்திலிருந்து எல்லா வீட்டுக்கும் எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஆஸ்பத்திரி, பிறப்புப் பத்திரம், தண்ணீர் புகார். இதுவரை யாருக்கும் இல்லை என்று சொன்னதில்லை.

“எழுதித் தரேன் மாமா. ஆனா மொதல்ல ஒரு நாள் நான் சொல்றத கமிட்டி கேக்கணும்” என்றேன்.

வெள்ளிக்கிழமை பூசை முடிந்து, கையில் கொண்டைக்கடலைச் சுண்டலோடு கோயில் மண்டபத்தில் ஆட்கள் உட்கார்ந்தார்கள். பிள்ளையார் சன்னதிக்குப் பக்கத்துச் சுவரில் வெள்ளை வேட்டியைக் கட்டி, கடன் வாங்கிய புரொஜெக்டரில் இரண்டு படங்கள் போட்டேன். இடப்பக்கம் ஹம்மிங்பேர்ட். வலப்பக்கம் எங்கள் தவளை. ஒப்பிட்டுப் பார்த்தால் உண்மை தானே விளங்கும் என்று நான்கு வருடமாக நம்ப வைத்திருந்தார்கள்.

குருவி, நின்ற இடத்திலேயே பறக்கும், பின்பக்கமாகவும் பறக்கும் என்றேன். மண்டபம் “ஓ” என்றது. தவளை, நின்ற இடத்திலேயே நிற்கும் என்றேன். யாரோ சுண்டலைக் கடிக்கும் சத்தம் கேட்டது. குருவியின் இதயம் நாம் எண்ண முடியாத வேகத்தில் துடிக்கும் என்றேன். பாவம் என்றார்கள். தவளையின் குஞ்சு, வெள்ளம் வந்தாலும் கல்லை விடாது என்றேன். “அட்டப்பூச்சி மாதிரியா?” என்று அருவருப்போடு ஒருவர் கேட்டார். குருவி பூவில் தேன் குடிக்கும், தவளை பூச்சி தின்னும். இதைச் சொன்ன கணத்தில் தேர்தல் முடிந்துவிட்டது.

“சரிலா, இந்தத் தவளையால நமக்கு என்னா பெனிபிட்?” என்று தலைவர் மாமா கேட்டார்.

“ஒண்ணுமில்ல மாமா. அந்தக் குருவியாலயும் ஒண்ணுமில்ல. அது இங்க இல்லவே இல்ல.”

“ஆனா பாக்க அழகா இருக்குல்ல?”

விடாமல் சொன்னேன். இந்தத் தவளை ரப்பருக்கு முன்னாலிருந்து இங்கே இருக்கிறது, செம்பனைக்கு முன்னாலிருந்து, நம் ஆட்கள் கப்பலில் வருவதற்கு முன்னாலிருந்து. வேறெங்கும் போக அதற்கு வழி தெரியாது. குருவி ஒரு நாள்கூட இந்த மண்ணில் இறங்கியதில்லை. ஆனால் வரவேற்புப் பலகை குருவிக்கு.

பின்வரிசையிலிருந்து அத்தை குரல் வந்தது. “அதுக்குக் கேட்டதும் நீல ஐசி குடுத்துட்டானுங்க போல. தவளைக்கு இன்னும் செவப்புதான்.”

மண்டபம் வெடித்துச் சிரித்தது. அத்தை சிரிக்கவில்லை. அவர் பிறந்தது இதே தோட்டத்து லயத்தில். குடியுரிமை உள்ளவருக்கு நீல அடையாள அட்டை, நிரந்தரவாசிக்குச் சிவப்பு. அத்தையின் கையில் இருப்பது சிவப்பு. அவருக்காக நான் எழுதிய விண்ணப்பங்களுக்கு எல்லாம் பரிசீலனையில் இருப்பதாகப் பதில் வந்திருக்கிறது. நான் அரை மணி நேரம் படம் போட்டுச் சொன்னதை அவர் ஒரே மூச்சில் சொல்லிவிட்டார் என்பதில் எனக்குக் கொஞ்சம் எரிச்சலும் இருந்தது. பட்டதாரி நான்.

கை தூக்கச் சொன்னார்கள். குளம் வென்றது. அடுத்த வாரம் கடிதம் தருவதாகச் சொல்லிவிட்டு இறங்கினேன். எழுதும் எண்ணம் இல்லை. எழுதமாட்டேன் என்று முகத்துக்கு நேரே சொல்லும் துணிவும் அன்றைக்கு இல்லை.

மறுநாள் காலை ஓடைக்குப் போனேன். அத்தையும் கூட வந்தார். காட்டில் தனியாக விடக்கூடாது என்பது அவர் கொள்கை. புலி வந்தால் தானே பேசிக்கொள்வதாகச் சொல்வார். அன்றைய வேலை கற்களில் எண் எழுதுவது. ஒவ்வொரு மாதமும் அதே கல்லைக் கண்டுபிடித்து எண்ண வேண்டும் என்பதால், தண்ணீருக்கு மேலே தெரியும் பாகத்தில் மஞ்சள் பெயிண்டில் நான்கு இலக்கம். முதல் இலக்கம் ஓடை, அடுத்த இலக்கம் பகுதி, கடைசி இரண்டும் கல். முதல் ஓடை, மூன்றாம் பகுதி, ஏழாம் கல் என்றால் 1307. அது வழுக்குப்பாறைக்கு நேர் கீழே, முனியின் சூலம் நட்டிருக்கும் இடத்துக்கு எதிரே இருக்கும் பெரிய கல். அன்று அதில் பதினொரு தலைப்பிரட்டைகள் ஒட்டியிருந்தன. எண்ணை எழுதி முடித்தபோது ஒரு பெரிய தவளை, ஈர பெயிண்டுக்குப் பக்கத்தில் தாவி உட்கார்ந்து எங்களைப் பார்த்தது.

அத்தை அந்த நான்கு இலக்கத்தையும் முணுமுணுத்துக்கொண்டே இறங்கி வந்தார்.

எங்கள் தோட்டத்தில் நான்கு இலக்க எண் எதையும் சும்மா விடுவதில்லை. மோதிய காரின் நம்பர் பிளேட், செத்தவர் வீட்டுக் கதவு எண், கனவில் பாம்பு வந்தால் பாம்புக்கென்று ஓர் எண், எல்லாமே நான்கு இலக்க லாட்டரி விற்கும் நம்பர் கடைக்குப் போகும். இது எனக்குத் தெரியும். தெரிந்தும், முனியின் சூலத்துக்கு எதிரே, மஞ்சள் நிறத்தில், கை அகல எழுத்தில், நான்கு இலக்கம் எழுதினேன். ஆராய்ச்சி முறைகள் பற்றி மூன்று பாடம் எடுத்துத் தேறியவள்.

ஞாயிறு குலுக்கலில், அத்தை எடுத்திருந்த 1307 விழுந்தது. ஆறுதல் பரிசுதான். ஆனால் தோட்டத்தில் ஆறுதலுக்கு எப்போதும் மதிப்பு அதிகம்.

“தவளதான் குடுத்துச்சு” என்று அத்தை லயம் முழுக்கச் சொன்னார். “எழுதுன எடத்துலயே வந்து குந்தி, என் மூஞ்சியப் பாத்துச்சுலா. எடுக்கிறியா இல்லியான்னு கேட்டமாதிரி.”

“எண்ணை எழுதுனது நான் அத்த.”

“ஆமா, உன் கைய வெச்சி எழுதுச்சு.”

தலைவர் மாமா இரண்டே நாளில் கட்சி மாறினார். பேனரில் குருவி இருந்த இடத்தில் பச்சைத் தவளை ஸ்டிக்கர் ஒட்டப்பட்டது. எங்கள் தவளை பழுப்பு. பச்சையில்தான் ஸ்டிக்கர் கிடைத்ததாம். தலையில் கிரீடம் வேறு. நான் படம் போட்டு விளக்கியும் ஓர் ஓட்டும் வாங்காத உயிர், போட்டியில்லாமல் தெய்வமாகிவிட்டது. வராத குருவியை ஒரே வாரத்தில் எல்லோரும் மறந்தார்கள். எனக்கு முதலில் சந்தோஷம். ஒத்துக்கொள்ள வேண்டியதுதான், இரண்டு நாள் தலை நிமிர்ந்து நடந்தேன்.

மூன்றாம் நாள் மேலே போய்ப் பார்த்தேன். கற்களின் மேல் பால். மஞ்சள் கரைசல். உடைத்த முட்டை. ஊதுபத்திச் சாம்பல். வேறு எண் கிடைக்குமா என்று கற்களைப் புரட்டிப் பார்த்திருக்கிறார்கள். 1307இல் பதினொன்று இருந்த இடத்தில் மூன்று ஒட்டிக்கொண்டிருந்தன. குருவியைக் கும்பிட்டபோது தவளையைக் கவனிக்க யாருமில்லை, அதனால் அது உயிரோடு இருந்தது.

அன்று மாலையே தலைவர் மாமா வீட்டுக்கு வந்தார். அப்பா நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

“குருவி பிளான் கேன்சல்மா. நீ சொன்னதுதான் சரி. தவளைக்குத்தான் கட்டப்போறோம். பத்தடி செல. வாயிலேருந்து தண்ணி கொட்டணும். கொளம் முன்ன சொன்னதவிட பெருசு. அந்த சுராட்ட மட்டும் எழுதிக் குடுத்துரு.”

“தண்ணியத் தேக்குனா தவள செத்துரும் மாமா.”

“அதான் பத்தடியில ஒண்ணு வெக்கிறோமே.”

“மாமா, நான் இத எழுதமாட்டேன்.”

அப்பாவின் கை துண்டோடு அப்படியே நின்றது. எங்கள் வீட்டில் மண்டோரிடம் யாரும் மாட்டேன் என்று சொன்னதில்லை. தலைவர் மாமா கோபப்படவில்லை. அதுதான் மோசம். “பரவால்லலா. ரெம்பாவ்ல டைப் அடிக்கிற கடை இருக்கு. வெள்ளிக்கிழம மீட்டிங்ல முடிவெடுத்து, திங்கக்கிழம குடுத்துருவோம்” என்றார். போகும்போது அப்பாவைப் பார்த்து, “புள்ளய நல்லா படிக்க வெச்சிட்ட” என்றார்.

அவர் போனபின் அப்பா கேட்டார், “கையெழுத்து அவங்களுதுதான? நீ எழுதிக் குடுத்தா உனக்கென்னா?”

“நான் எழுதுனா நான் சொன்னமாதிரிப்பா.”

அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, “நாளைக்கு எனக்கு ஒரு லீவு லெட்டராவது எழுதுவல்ல?” என்றார். அது சமாதானமா குத்தலா என்று இன்னும் தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை இந்தமுறை புரொஜெக்டர் கொண்டுபோகவில்லை. நீரோட்டம், சேறு, அழியும் உயிர்களின் பட்டியல் எதையும் எடுக்கவில்லை. எழுந்து ஒரு கேள்வி மட்டும் கேட்டேன்.

“செல வெக்கிறதுக்கு அஸ்திவாரம் போடுவீங்கதான? நம்பர் விழுந்த கல்லு அந்த எடத்துலதான் இருக்கு. அது மேல சிமெண்டு ஊத்திட்டா அப்புறம் கல்லு எங்க இருக்கும்?”

மண்டபத்தில் ஒருவரும் சுண்டலை மெல்லவில்லை.

“தள்ளிக் கட்டுவோம்” என்றார் தலைவர் மாமா.

“தள்ளிக் கட்டுனா தண்ணி ஏறி கல்லு முழுகிரும் மாமா. தவளயும் போயிரும். அப்புறம் யாரு வந்து குந்துறது?”

அத்தை எழுந்துவிட்டார். “என் கல்ல எவன்லா மூடுறது? மூடிப் பாக்கட்டும். மண்டோரா இருந்தா என்னா, கங்காணியா இருந்தா என்னா!”

“யக்கா, உக்காருங்க யக்கா. யாரும் மூடல.”

“மூடலன்னு எழுதிக் குடு.”

பத்து நிமிடத்தில் எல்லாம் முடிந்தது. சிமெண்டு இல்லை. சிலை வேண்டுமென்றால் கீழே, கோயில் வளாகத்துக்குள். மேலே என்ன செய்யலாம், செய்யக்கூடாது என்று என்னையே கேட்டார்கள். தவளைக்குப் பால் ஆகாது என்றேன். மஞ்சள் ஆகாது, முட்டை ஆகாது. போகும் வழியிலுள்ள மூங்கில் புதரைத் தாண்டி யாரும் ஓடையில் இறங்கக்கூடாது, கல்லைப் புரட்டினால் தோஷம். கடைசிச் சொல் தானாக வாயில் வந்தது. எல்லோரும் பயபக்தியோடு தலையாட்டினார்கள். நீங்கள் சொன்னால் சரிதான் என்றார் ஒருவர். பட்டம் வாங்கியதிலிருந்து எனக்குக் கிடைத்த முதல் முழு மரியாதை, பூசாரியானதற்கு.

வீட்டுக்கு நடந்து வரும்போது வெட்கமாக இருந்தது. இல்லாத குருவியை இருக்கிறது என்று சொன்னவரைத் திருத்தப் போனவள், தவளை நம்பர் கொடுக்கும் என்பதை மறுக்காமல் அதன்மேல் ஏறி நின்று ஜெயித்திருக்கிறேன். மாமா பேனர் போட்டுப் பொய் சொன்னார். நான் கேள்வி கேட்டே சொன்னேன். படித்தவர்களுக்கு இது கூடுதலாக வரும் போலிருக்கிறது. வருத்தம் உண்மைதான். ஆனால் அடுத்தமுறை எண்ணியபோது அந்தக் கல்லில் ஐந்து இருந்தன. வருத்தத்துக்கும் ஐந்துக்கும் நடுவில் நான் ஐந்தை எடுத்துக்கொண்டேன்.

ஆனால் தோஷத்துக்குப் பயந்து காப்பாற்றப்பட்ட ஓடை, எண் விழாமல் ஆறு மாதம் போனால் மறுபடி ஒரு குளமாகும். கம்பெனி நிலம் வேறு. அதனால் ஒரு கடிதம் வேண்டும் என்று தலைவர் மாமாவிடம் போனேன். வழுக்குப்பாறைக்கு மேலும் கீழும் எந்தக் கட்டுமானமும் கூடாது என்று கோயிலே கம்பெனியைக் கேட்கும் கடிதம்.

“எழுது. ஆனா காரணம் முனின்னு போடு. தவளன்னு போட்டா ஆபீஸ்ல சிரிப்பானுங்க.”

“தவளன்னுதான் போடப்போறேன் மாமா. முழு காரணமும்.”

“சிரிச்சா?”

“சிரிச்சிட்டுப் படிக்கட்டும்.”

“யாரு கையெழுத்துப் போடுறது? செகரட்டரி இல்லியே.”

“அதுக்கும் ஒரு பேரு குடுக்குறேன்” என்று கமிட்டிப் பதிவேட்டைக் கேட்டு வாங்கினேன். கோயில் தொடங்கியதிலிருந்து அந்தப் பக்கத்தில் பெண் பெயர் ஏறியதில்லை. மாமா என்னைப் பார்த்தார், பதிவேட்டைப் பார்த்தார், பிறகு பேனா எழுதுகிறதா என்று தன் உள்ளங்கையில் கிறுக்கிப் பார்த்து என்னிடம் நீட்டினார்.

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்குத் தோட்ட ஆபீசில் கடிதத்தைக் கொடுத்தேன். இரண்டு பக்கம். முதல் வரியிலேயே தவளை வருகிறது, முனி எங்கும் வரவில்லை. கீழே செயலாளர் என்ற இடத்தில் என் கையெழுத்து. வாங்கியவர் சிரிக்கத்தான் செய்தார். நகலில் பெற்றுக்கொண்டதற்கான முத்திரைச் சாப் குத்தித் தரும்வரை கவுண்டரிலேயே நின்று வாங்கிக்கொண்டேன்.